மணலுக்கு யார் பட்டா கொடுப்பார்?

(சிறுசேரியில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உள்ளூர்ச் சூழலைப் பாடத்தோடு இணைப்பது எப்படி' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாகச் சொல்வதைவிட, நான் ஒரு மாணவியின் நோட்டில் தவறாகப் போட்ட மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அந்தத் தவறிலிருந்துதான் இந்தத் தலைப்பை நானே கற்றுக்கொண்டேன்.

இப்போதுள்ள பள்ளிக்கு வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தேன். இங்கிருந்து கடல் ரொம்பத் தூரமில்லை. நடுவில் பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழிமுகமும் இருப்பதால் கேளம்பாக்கம் வழியாகச் சுற்றிக் கோவளம் போகிறோம், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் பேசும் சொற்கள் வேறு. சிப்காட் வந்த பிறகு சிறுசேரிப் பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே சென்ட், கிரவுண்டு, பத்திரம், வில்லங்கம் எல்லாம் தெரியும். வீட்டில் தினமும் அதுதான் பேச்சு. கடற்கரைப் பிள்ளைக்குத் தெரிந்தவை பங்கு, முறை, கூறு, பாடு.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு செயல்பாடு கொடுத்தேன். 'உங்கள் குடும்பத்தின் சொத்துகளைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன என்று எழுதுக.' குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்:

வீடு – பட்டா இருக்கிறது.
படகில் அரைப் பங்கு – அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும்.
பெரிய வலையில் எங்கள் முறை – ஊருக்குத் தெரியும்.
கருவாடு காயப் போடும் மணல் – ஆயாவுக்குத் தெரியும்.
கடல் –

கடலுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. நான் முதல் வரிக்கு மட்டும் சரி போட்டு, மற்ற நான்கையும் சிவப்பு மையால் அடித்து, 'இவை சொத்து ஆகா. ஆவணம் தேவை' என்று எழுதி, ஐந்துக்கு ஒன்று கொடுத்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலரும் ஏறக்குறைய இதே போல்தான் எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் ஆயா பள்ளிக்கு வந்தார். மீன் விற்றுவிட்டு வந்த கூடை கையில் இருந்தது. சண்டைக்கு வரவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்: "வூட்டுக்கு கவர்மெண்டுல பட்டா குடுத்தாங்க டீச்சரம்மா. வலை காயப் போடுற மண்ணுக்கு யாரும்மா பட்டா குடுப்பாங்க? அது எங்களுது இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்களே."

என்னிடம் பதில் இல்லை. பாடப்புத்தகம் தெரியும், எதிரே இருந்த ஊர் தெரியவில்லை. அதன் பிறகுதான் மாலை நேரங்களில் கரைக்குப் போய்க் கேட்கத் தொடங்கினேன்.

பங்கும் முறையும்

முதலில் பங்கு. ஒரு ஃபைபர் படகு கடலுக்குப் போய் வருகிறது. மீன் ஏலம் போன தொகையில் எரிபொருள், சாப்பாடு முதலிய செலவைக் கழிக்கிறார்கள். மீதியைப் பங்கு பிரிக்கிறார்கள். கடலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. படகு, எஞ்சின், வலை இவற்றுக்கும் பங்கு உண்டு. எதற்கு எத்தனை பங்கு என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனால் கணக்கு ஊர் அறியப் போடப்படுகிறது. படகுப் பங்கை அண்ணன் தம்பிகள் பாதிப் பாதியாக வைத்திருக்கலாம். நம் மாணவி எழுதிய 'அரைப் பங்கு' இதுதான். அது ஒரு வீட்டின் மாத வருமானம். நான் அதை அடித்தேன்.

அடுத்து முறை. கரைவலையைப் பல இடங்களில் பெரிய வலை என்கிறார்கள். படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கரையிலிருந்தே பலர் சேர்ந்து இழுக்கும் வலை. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வலை போட முடியாது. ஆகவே யார் முதலில், யார் அடுத்து என்று ஊர் முறை வைக்கிறது. பழவேற்காடு ஏரியில் இதையே பாடு என்கிறார்கள். எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எப்போது வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் ஏற்பாடு அது. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாது.

இங்குள்ள ஆசிரியர்கள் பலர் ஏரிப் பாசன ஊர்களிலிருந்து வந்தவர்கள். உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் மடை முறை வைப்போம். இன்று உன் வயல், நாளை என் வயல். அதைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி ஒருவர் இருப்பார். அந்த முறைக்கும் பத்திரம் கிடையாது. ஆனால் அதை மீறினால் ஊர் கேட்கும். வயலில் தண்ணீர் முறை எப்படியோ, கடலில் வலை முறை அப்படி.

மூன்றாவது மணல். நமக்கு வெறும் மணலாகத் தெரியும் இடத்தில் ஒரு பகுதி படகு ஏற்றும் இடம், ஒரு பகுதி வலை பிரித்துச் சிக்கெடுக்கும் இடம், ஒரு பகுதி மீன் ஏலம் விடும் இடம், ஒரு பகுதி கருவாடு காயும் இடம். கருவாட்டு மணல் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. மீன் மிகுந்து விலை விழுந்த நாளில், விற்காத மீனை உப்பிட்டுக் காயவைத்துப் பின்னால் விற்பதற்கு அந்த மணல்தான் வழி. ஆயாவுக்கு அது சேமிப்புக் கணக்கு மாதிரி. பேங்கு பாஸ்புக்கை அடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக, அவள் எதிரே ஒன்றும் எழுதாமல் விட்ட கடல். அதற்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. அதாவது அந்தப் பகுதி, கட்டுமரம், ஃபைபர் படகு வைத்திருக்கும் சிறு மீனவருக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடல் அவளுக்குச் சொந்தமில்லைதான். ஆனால் அதில் அவள் அப்பாவுக்கு உரிமை இல்லை என்று சொல்ல முடியாது.

பட்டா உள்ளதும் இல்லாததும்

அவள் பட்டியலில் நான் சரி போட்ட ஒரே வரி வீடு. அதற்குப் பட்டா வந்த கதையையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் அரசு வீட்டு வசதிக்கான ஆணையை வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு. அதைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர ஏற்பாடு செய்யப்பட்டது. பெண்ணின் பெயர் முதல்முறையாகச் சொத்து ஆவணத்தில் ஏறிய வீடுகள் பல. இது பெரிய நன்மை. ஆனால் போகிறவர்கள் பழைய இடத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அங்கேயே இருப்பவர்களுக்கு உதவி கிடையாது.

வீடு பாதுகாப்பான இடத்துக்குப் போனது. தொழில் கரையிலேயே இருந்தது. எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கும் கரைக்கும் நடக்க வேண்டும். காற்று மாறினால் இரவில் ஓடிவந்து படகை மேலே இழுக்க வேண்டும். கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவர்களுக்கு வேலையின் ஒரு பகுதி. தமிழ் வகுப்பில் நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்தக் 'கடல் சார்ந்த இடம்' எது என்று ஒருநாளும் கேட்டதில்லை. படகும் வலையும் கருவாடும் கிடக்கும் அந்த மணல்தான் அது.

வருவாய்க் கணக்கில் அந்த மணலுக்குப் புறம்போக்கு என்று பெயர். வரி விதித்த பட்டா நிலத்துக்குப் புறம்பே உள்ளது என்பதுதான் பொருள். ஏரி, களம், மேய்க்கால், சுடுகாடு, கடற்கரை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதாவது எல்லோருக்கும் வேண்டியவை. ஆனால் நம் வகுப்பறையில் அது ஒரு வசவுச் சொல். ஒருவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று திட்ட அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் உதவும் நிலத்தின் பெயர் உதவாதவனின் பெயராக எப்படி மாறியது என்பது தமிழாசிரியரும் நானும் சேர்ந்து எடுக்க வேண்டிய பாடம்.

அந்த மணலைச் சட்டம் முழுக்க மறந்துவிடவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது. 2011-இல் திருத்தி எழுதப்பட்டபோது, கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொதுச் சொத்துகளையும் மீன் காயவைக்கும் இடங்களையும் குறிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. குறிக்க வேண்டிய வசதிகளின் பட்டியலில் பள்ளிக்கூடமும் இருக்கிறது. 'மீனவர்களின் பொதுச் சொத்து' என்ற சொல் அரசின் அறிவிக்கையிலேயே இருக்கும்போது, நான் 'இவை சொத்து ஆகா' என்று எழுதியிருக்கிறேன். 2019-இல் மீண்டும் புதிய அறிவிக்கை வந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. ஊருக்கும் அலைக்கும் நடுவில் எது யாருடைய பயன்பாட்டில் உள்ளது என்று தெரிந்திருக்க வேண்டிய தேவை அதனால் கூடியிருக்கிறது.

நம் பக்கத்துக் கடற்கரையையே பாருங்கள். நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுற்றுலா, அலைச்சறுக்கு, விடுதிகள் எல்லாம் வந்திருக்கின்றன. சென்னைக்குக் குடிநீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே மணலுக்குப் பலரும் தேவையோடு வருகிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அவர்கள் கையில் காகிதம் இருக்கிறது. ஆயாவின் கையில் கூடை மட்டும்தான் இருக்கிறது.

அக்கரையில் என்ன நடந்தது

அதே நாளில் அதே அலை இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. நில ஆவணங்களும் போயின. எல்லைக்கல், வேலி, மரம் எதுவும் மிஞ்சாத ஊர்கள் இருந்தன. அங்கே செய்த ஏற்பாடுகளில் ஒன்று நமக்குப் பாடமாகும். உயிர் தப்பியவர்கள் சேர்ந்து நடந்து, இது இன்னார் வீட்டு இடம், இது வழி, இது பொது இடம் என்று அடையாளம் வைத்து, அண்டை வீட்டார் ஒப்புக்கொண்டதை எழுதினார்கள். அந்த ஊர் ஒப்புதலை அடிப்படையாக வைத்துப் பட்டா வழங்கும் திட்டத்தை அரசு நடத்தியது. 'ஊருக்குத் தெரியும்' என்று நம் மாணவி எழுதினாளே, அந்தச் சாட்சியம் அங்கே ஆவணமாக ஏற்கப்பட்டது.

ஆச்சே மீனவர்களிடம் பங்லீமா லாவோட் என்ற பழைய அமைப்பு உண்டு. கடல் தலைவர் என்று பொருள் கொள்ளலாம். வலைத் தகராறைத் தீர்ப்பதும் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது போன்ற விதிகளைக் காப்பதும் அவர்கள் பொறுப்பு. சுனாமிக்குப் பின் டிசம்பர் 26-ஐயும் கடலுக்குப் போகாத நாளாக அறிவித்தார்கள். 2007-இல் இந்தோனேசியா கடலோர நீர்ப்பகுதிகளைத் தனி உரிமையாக வழங்க வழிசெய்யும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஏற்பாட்டை 2011-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று ஆக்கியது. நம் நாட்டில் வனத்தில் வாழ்வோருக்கு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கடலோர மக்களின் உரிமைக்கு அதைப் போலத் தனிச் சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் 608 மீனவ ஊர்கள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

நான் தொடர்ந்து செய்துவரும் மூன்று செயல்பாடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, ஊர் வரைபடம். பிள்ளைகள் தாத்தா, ஆயாவிடம் கேட்டு வரட்டும். படகு ஏற்றும் இடம், ஏலம் விடும் இடம், கருவாடு காயும் இடம், கோயில், கிணறு, நடைபாதை. எந்த மாதத்தில் எது எங்கே என்பதையும் குறிக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் மணல் குறையும்போது படகு எங்கே போகிறது என்று கேட்டாலே புவியியல் பாடம் தொடங்கிவிடும். ஏரிக்கரை ஊர்களில் இதையே மதகு, கால்வாய், களம், மேய்க்கால் என்று செய்யலாம். சென்னை ஊரூர் குப்பத்து மீனவர்கள் தங்கள் கரையைத் தாங்களே வரைபடமாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளாலும் முடியும்.

இரண்டு, பங்குக் கணக்கு. ஏலத் தொகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 1,500. மீதி 4,500. நான்கு ஆட்களுக்கு நான்கு பங்கு, படகு எஞ்சினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆக ஆறு பங்கு. பங்குக்கு 750. கடலுக்கும் போய், படகிலும் அரைப் பங்கு உள்ளவருக்கு 750-உடன் 375, மொத்தம் 1,125. எண்கள் நான் வைத்தவை. உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் அவர்கள் ஊர்ப் பங்கு முறையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பின்னத்தில் பயந்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் கை தூக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று, நாட்காட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலைக்குப் போகும் வீடுகளில் அப்போது வருமானம் இல்லை. நாம் பள்ளி திறந்து நோட்டு, பை, காலணி என்று கேட்பது ஜூனில். தொழில் நாட்காட்டியைச் சுவரில் மாட்டி வைத்தால், எந்த மாதம் எதைக் கேட்கக் கூடாது என்பது நமக்கும் நினைவிருக்கும்.

கூடவே ஒன்று. 'உங்கள் சொத்தைப் பட்டியலிடுக' என்ற செயல்பாட்டை நான் இப்போது கொடுப்பதில்லை. அது பிள்ளைகளை நிலம் உள்ளவர், இல்லாதவர் என்று வகுப்பிலேயே பிரித்துவிடுகிறது. 'உங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றும் ஐந்து இடங்கள் எவை?' என்று கேட்கிறேன்.

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என் தவறைச் சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தினேன். பங்கு பிரிப்பதை அவளையே கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொன்னேன். நன்றாகச் செய்தாள். இன்று அவள் செவிலியர்.

ஆனால் திருத்த முடியாத ஒன்றும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து அந்த மணலின் ஒரு பகுதியில் கம்பி வேலி வந்தது. யார் போட்டது, சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நாம் அரசு ஊழியர்கள், தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஊரார் மனு எழுத உட்கார்ந்தபோது, 'இந்த இடத்தை இதற்காகத்தான் இத்தனை காலம் பயன்படுத்தினோம்' என்று காட்ட அவர்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. என்னிடம் கேட்டு வந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கைப்பட, தேதியிட்டு, அந்த மணலைப் பற்றி எழுதிய நோட்டுகள் என் மேசையில் ஒரு காலத்தில் இருந்தன. நான் அவற்றைச் சிவப்பு மையால் அடித்தேன். ஆண்டு முடிவில் அவை பழைய காகிதக் கடைக்குப் போயின.

பிள்ளைகளின் நோட்டு பட்டாவுக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் அது ஒரு தொடக்கமாக இருந்திருக்கும். அதனால்தான் இப்போது பிள்ளைகள் வரையும் ஊர் வரைபடங்களைத் தேதி போட்டு, ஆண்டுவாரியாகக் கட்டிப் பள்ளி அலமாரியில் வைக்கிறேன். ஒரு பிரதியைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுக்கிறேன். ஒரு கோப்பும் சில சார்ட் தாள்களும்தான் செலவு.

ஆயாவின் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. மணலுக்குப் பட்டா கொடுக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. ஆனால் அது அவர்களுடையது இல்லை என்று எழுதும் பேனா நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு பிள்ளையின் பதிலை அடிப்பதற்கு முன், ஒரு மாலை அந்த ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.